சூரிய மின்சாரமும் சுடுநீரும்: வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம்



வெயிலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் அந்த வெயிலைப் பிடித்து மின்சாரமாகவும் சுடுநீராகவும் மாற்றித் தருகிற கருவிகளுக்கு விலை உண்டு. அது சிறிய விலையும் அல்ல. தோட்டத்தில் வியர்வை சிந்தி உழைத்த ஒரு குடும்பம் பல ஆண்டுகளாகச் சேர்த்த சேமநிதிப் பணத்தை ஒரே கையெழுத்தில் கரைத்துவிடக்கூடிய தொகை அது. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கிள்ளான், காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல இன்று தாமான்களில் தரை வீடுகளிலும், நகரத்து அடுக்குமாடிகளிலும் குடியிருக்கின்றன. இன்னும் சில குடும்பங்கள் தோட்டத்து லயங்களிலேயே இருக்கின்றன. மூன்று இடங்களிலும் விற்பனையாளர்கள் வாசலுக்கு வருகிறார்கள். "உங்கள் பில் பூஜ்யமாகிவிடும்", "அரசாங்கத் திட்டம்", "இன்றே கையெழுத்துப் போட்டால் கழிவு" என்றெல்லாம் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மை, எது பாதி உண்மை, எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கூரையின் மேல் வைக்கும் சூரியக் கருவிகள் இரண்டு வகை. ஒன்று மின்சாரம் தருவது, மற்றொன்று தண்ணீரைச் சூடாக்குவது. பார்ப்பதற்கு இரண்டும் கறுப்புத் தகடுகளாகவே தோன்றும். ஆனால் வேலை செய்யும் முறை வேறு, விலை வேறு, ஆதாயமும் வேறு.

சுடுநீர்க் கருவியைப் புரிந்துகொள்வது எளிது. வெயிலில் நெடுநேரம் கிடந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருகிற தண்ணீர் கையைச் சுடும். நம் தாய்மார்கள் எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள். அதே வித்தைதான் இது. கறுப்புத் தகட்டுக்குள் ஓடும் குழாய்களில் தண்ணீர் சூடாகிறது. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறி, தகட்டுக்கு மேலிருக்கும் தொட்டியில் சேர்கிறது. குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. பம்ப் கூடத் தேவையில்லை. மழை நாளில் உதவுவதற்காகத் தொட்டிக்குள் ஒரு மின்சூடேற்றியும் வைத்திருப்பார்கள்.

மின்சாரத் தகடு அப்படியல்ல. அதில் சிலிக்கன் என்னும் பொருளால் ஆன மின்கலங்கள் இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், பயன்படத்தக்க முதல் சிலிக்கன் மின்கலம் மக்களுக்குக் காட்டப்பட்டது. ஒளி பட்டதும் மின்சாரம் பிறக்கும். ஆனால் அது பேட்டரியில் வருவது போன்ற நேர் மின்சாரம். அதை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்ற இன்வெர்ட்டர் என்னும் கருவி வேண்டும். அந்த மின்சாரத்தை முதலில் வீடு பயன்படுத்திக் கொள்ளும். மிச்சமானது மீட்டர் வழியாக வெளியே, தெனாகா நேஷனல் கம்பிக்குப் போகும். இரவில் வழக்கம்போல வெளியிலிருந்து மின்சாரம் வரும்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. "கரண்டு போனாலும் உங்கள் வீட்டில் விளக்கு எரியும்" என்று சிலர் சொல்கிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில் அது நடக்காது. வெளியே மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்க ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்திருக்கிறார்கள். தடை நேரத்திலும் வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாக வாங்க வேண்டும். அது செலவை வெகுவாக உயர்த்தும்.

இனி கணக்குக்கு வருவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. கூரையில் போடுவதற்கும் அது பொருந்தும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகள், அதாவது இரண்டு மூன்று தகடுகள், நிழல் விழாத கூரையில் மாதம் சுமார் 100 யூனிட்டு மின்சாரம் தரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் மின்சாரப் பில்லை எடுத்து, மாதம் எத்தனை யூனிட்டு செலவாகிறது என்று பாருங்கள்.

2025 ஜூலை முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண முறை நடப்புக்கு வந்தது. அதன்படி சாதாரண வீட்டுக்கு ஒரு யூனிட்டின் அடிப்படை விலை எல்லாம் சேர்த்து 44.43 காசு. ஆனால் குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கழிவு உண்டு. மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 காசு கழிக்கப்பட்டது. பயன்பாடு கூடக் கூட அந்தக் கழிவு குறைந்துகொண்டே போய், 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமல் போகும்படி அமைத்திருந்தார்கள். ஆகவே 200 யூனிட்டு செலவிடும் வீட்டுக்கு ஒரு யூனிட்டு 20 காசுக்கும் குறைவு. மாதப் பில் 39 வெள்ளி அளவில்தான் வரும்.

இந்த வீட்டுக்கு ஒருவர் 10,000 வெள்ளிக்குச் சூரிய மின்சாரம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் பாதி குறைந்தாலும் மிச்சம் மாதம் 20 வெள்ளி. ஆண்டுக்கு 240 வெள்ளி. போட்ட பணம் திரும்ப 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தகடுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுளோ 25 ஆண்டுகள். இன்வெர்ட்டரை இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். இந்த வியாபாரம் யாருக்கு ஆதாயம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு வீட்டைப் பாருங்கள். கூட்டுக் குடும்பம், குளிர்சாதனப் பெட்டி இரண்டு, ஏர்கண்டிஷன் இரண்டு, பகலிலும் வீட்டில் ஆள் உண்டு. மாதம் 700 யூனிட்டு ஆகிறது. அவர்கள் 3 கிலோவாட் போடுகிறார்கள். மாதம் 300 யூனிட்டு கிடைக்கிறது. யூனிட்டு 40 காசு பெறும் என்று கொண்டால் மாதம் 120 வெள்ளி, ஆண்டுக்கு 1,440 வெள்ளி மிச்சம். விலை 12,000 வெள்ளியானால் எட்டு ஒன்பது ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். இந்த வீட்டுக்குச் சூரிய மின்சாரம் யோசிக்கத் தக்கது. ஆக, பெரிய பில் உள்ள வீட்டுக்கு நல்லதாக இருப்பது சிறிய பில் உள்ள வீட்டுக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. விரலுக்கு ஏற்ற வீக்கம் வேண்டும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பகலில் நீங்களே பயன்படுத்தும் சூரிய யூனிட்டு, வெளியிலிருந்து வாங்க வேண்டிய ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துகிறது. ஆனால் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை அரசாங்கத் திட்டத்தின் விதிதான் முடிவு செய்யும். அந்த விதிகள் பல முறை மாறியிருக்கின்றன. 2011 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், வெளியே விற்கும் மின்சாரத்துக்கு 21 ஆண்டுகளுக்கு நிலையான விலை தரப்பட்டது. 2016-இல் வேறு முறை வந்தது. 2019-இல் ஒன்றுக்கு ஒன்று என்ற ஈடு வந்தது. 2021-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் அந்த ஈடு 10 ஆண்டுகளுக்கு என்று வரையறுக்கப்பட்டது. அந்தக் கட்டமும் 2025 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. 2026 தொடக்கத்தில் கூரை என்னும் பொருள்படும் அத்தாப்பு என்ற மலாய்ச் சொல்லையே பெயராகக் கொண்டு புதிய திட்டம் வந்தது.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன்? "என் அண்ணன் வீட்டில் போட்டார்கள், பில்லே வருவதில்லை" என்று ஒருவர் சொன்னால், அவருடைய அண்ணன் எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தின் கீழ் போட்டார் என்று கேட்க வேண்டும். நேற்றைய விதியைக் காட்டி இன்றைய பொருளை விற்பது வழக்கம். நீங்கள் கையெழுத்திடும் நாளில் நடப்பில் இருக்கும் விதி என்ன, எத்தனை ஆண்டுகளுக்கு, மாத முடிவில் மிஞ்சிய யூனிட்டு அடுத்த மாதத்துக்குப் போகுமா, அழிந்துவிடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சுடுநீருக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஒருவர் குளிக்க 40 லிட்டர் தண்ணீரை 12 பாகை சூடேற்றினால் போதும். அதற்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகும். நான்கு பேர் நாளுக்கு ஒரு முறை சுடுநீரில் குளித்தால் மாதம் 67 யூனிட்டு அளவில் வரும். சிறிய வீட்டுக்கு யூனிட்டு 25 காசு என்று போட்டால் மாதம் 17 வெள்ளி. ஆண்டுக்கு 200 வெள்ளி. சூரியச் சுடுநீர்க் கருவியின் விலை 4,000 வெள்ளி என்றால் முதல் திரும்ப 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் தொட்டியே துருப்பிடித்துப் போகலாம். குளிர் நாடுகளிலும், குளிர்காலம் உள்ள இடங்களிலும் இந்தக் கருவி நல்ல ஆதாயம் தருகிறது. இஸ்ரேலில் 1980-ஆம் ஆண்டிலேயே புதிய வீடுகளில் இதை வைக்கச் சட்டம் போட்டார்கள். நமது வெப்ப நாட்டில் ஆள் அதிகமுள்ள வீடு, மாணவர் விடுதி, முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்குத்தான் இது நன்கு பொருந்தும்.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 150 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 150 கிலோ எடை. பழைய வீட்டுக் கூரைச் சட்டங்கள் அதைத் தாங்குமா என்று தச்சரைக் கொண்டு பாருங்கள். தொட்டிக்குள் துருவைத் தான் ஏற்றுத் தொட்டியைக் காக்கும் ஒரு உலோகத் தண்டு இருக்கும். அதைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் தொட்டி ஓட்டையாகும். மின்சூடேற்றியை எந்நேரமும் போட்டே வைத்தால் சேமிப்பு எல்லாம் போய்விடும். நல்ல வெயில் நாளில் தண்ணீர் உடம்பை வெந்து போகச் செய்யும் அளவுக்குச் சூடாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் குளிர்நீரைத் தானாகக் கலக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். மின்சூடேற்றி எதுவானாலும், குளியலறையில் 10 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு சோதியுங்கள். இது பணத்தைவிட முக்கியம், இது உயிர்.

இப்போது எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று: அந்தக் கூரை யாருடையது?

தோட்டத்து லயம் நிர்வாகத்தின் சொத்து. தொழிலாளர்களுக்கு வீடும் தண்ணீரும் மின்சாரமும் தருவது பற்றிய 1990-ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டத்தின்படி, அந்தப் பொறுப்பு முதலாளியுடையது. மின்சாரம் சரியாக இல்லையென்றால் தொழிற்சங்கத்தின் வழியாக நிர்வாகத்திடம் கேட்க வேண்டுமே தவிர, சொந்தக் காசைக் கம்பெனிக் கூரையில் ஆணியடித்து வைக்கக் கூடாது. தோட்டம் விற்கப்பட்டால், ஆட்குறைப்பு வந்தால், நாம் மூட்டை கட்டும்போது தகடுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அடுக்குமாடியிலும் இதே கதைதான். மேல்கூரை எல்லோருக்கும் பொதுவான சொத்து. நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் தனி ஒருவர் அங்கே எதையும் வைக்க முடியாது. வாடகை வீட்டிலும் அப்படியே.

சொந்தத் தரை வீடு உள்ளவர்கள் கூரையின் நிலையைப் பார்க்க வேண்டும். நமது நாடு பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால், கூரை எந்தத் திசையைப் பார்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நிழல் பெரும் எதிரி. பக்கத்து வீட்டு மாமரம், தண்ணீர்த் தொட்டி இவற்றின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் விளைச்சல் குறையும். பழைய மலிவு வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதைத் துளைக்கவே விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக் காற்று வீசுவதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே போடச் சொல்லுங்கள். மாலையில் இடி மின்னல் அதிகம் உள்ள ஊர் நம்முடையது. மின்னல் அதிர்ச்சியைத் தாங்கும் காப்புக் கருவி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். புகைமூட்டக் காலத்தையும் மறக்க வேண்டாம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவிக்கும் அளவுக்குப் புகை சூழ்ந்தது. அத்தகைய நாட்களில் தகடுகள் சோர்ந்துவிடும்.

அடுத்தது கடன். கையில் காசில்லாதவர்களிடம் தவணை பேசுவார்கள். 10,000 வெள்ளியை நூற்றுக்கு 6 என்ற நிலையான வட்டியில் 5 ஆண்டுகளுக்கு எடுத்தால், வட்டி மட்டும் 3,000 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 217 வெள்ளி. கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி குறைவதில்லை. ஆகவே உண்மையான வட்டி ஏறக்குறைய 11 விழுக்காடு ஆகிவிடுகிறது. மாதம் 20 வெள்ளியை மிச்சப்படுத்துவதற்காக 217 வெள்ளி கட்டுவது எந்த ஊர் நியாயம்? "முன்பணமே வேண்டாம், கூரையை மட்டும் கொடுங்கள்" என்று சொல்லும் குத்தகைத் திட்டங்களும் உண்டு. அவற்றில் எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, இடையில் வீட்டை விற்றால் என்ன ஆகும், தகடு கடைசியில் யாருக்குச் சொந்தம் என்பதைப் படித்துப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளையையோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ, தொழிற்சங்கக் கிளைச் செயலாளரையோ அழைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் இருக்க வேண்டியவை இவை: கம்பெனியின் பெயரும் பதிவு எண்ணும், தகட்டின் பெயர், எண்ணிக்கை, வாட் அளவு, இன்வெர்ட்டரின் பெயர், ஆண்டுக்கு எத்தனை யூனிட்டு கிடைக்கும் என்ற மதிப்பீடு, மொத்த விலை. உத்தரவாதமும் ஒன்றல்ல, மூன்று. தகட்டின் பொருளுக்கு ஒன்று, அதன் விளைச்சலுக்கு ஒன்று, பொருத்திய வேலைக்கு ஒன்று. "25 ஆண்டு உத்தரவாதம்" என்று சொல்வது பெரும்பாலும் விளைச்சலுக்கு மட்டுமே. கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பது மூன்றாவதில்தான் இருக்கிறது.

மின்சாரத் தகடு பொருத்துகிறவர், 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சேடா என்னும் நிலையான எரிசக்தி வாரியத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். மின் இணைப்பு வேலை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரால் செய்யப்பட வேண்டும். குறைந்தது மூன்று இடங்களில் விலை கேளுங்கள். தீபாவளிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் ஒரு சேலைக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிற நம் தாய்மார்கள், பல்லாயிரம் வெள்ளிப் பொருளுக்கு ஒரே ஆளை நம்பலாமா? பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் பகுதி பகுதியாகக் கொடுங்கள். மீட்டர் மாற்றி, கருவி ஓடுவதைக் கண்ட பிறகே கடைசிப் பகுதியைக் கொடுங்கள்.

வாசலுக்கு வந்து விற்பவர்களைக் கட்டுப்படுத்த 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. அப்படி விற்பவருக்கு உரிமம் வேண்டும். வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 10 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு. "இன்று மட்டும்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துகிறவர், இந்த நாட்களைத்தான் நம்மிடமிருந்து மறைக்கப் பார்க்கிறார்.

பொருள் கெட்டுவிட்டால், சொன்னபடி வேலை செய்யாவிட்டால், முதலில் விற்றவருக்குக் கடிதம் எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கங்களின் உதவியை நாடலாம். பிறகு, 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டு போகலாம். கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ரசீதும் ஒப்பந்தமும் இல்லாதவர் வாயால் மட்டும் பேசிப் பயனில்லை என்பதால், இவற்றைப் பிறப்புப் பத்திரத்தைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியானால் சிறிய பில் உள்ள குடும்பங்களுக்குச் சூரியன் உதவவே உதவாதா என்று கேட்கலாம். உதவும், அளவோடு. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள்தான் கொடுத்தார்கள். வாசல் விளக்காகவும், தடை நேரத்தில் பிள்ளைகள் படிக்கவும் சூரிய விளக்கு ஒன்று நல்லது. வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். அதற்கும் முன்னால், பழைய குண்டு விளக்குகளை எல்இடி விளக்குகளாக மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது அதிக நட்சத்திரம் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். துணியை வெயிலில் உலர்த்துங்கள். பில் குறைய இவையே மலிவான வழி.

ஒரு காலத்தில் பல தோட்டங்களில் எஞ்சின் வீட்டு மோட்டார் ஓடும் சில மணி நேரம் மட்டும்தான் லயத்தில் விளக்கு எரிந்தது. அந்த நிலையிலிருந்து, கூரையிலேயே மின்சாரம் செய்யும் காலத்துக்கு வந்திருக்கிறோம். இது மகிழ்ச்சிக்குரிய முன்னேற்றம். ஆனால் அதை விற்பவரின் கணக்கைக் கேட்டு வாங்கக் கூடாது. கடைசி ஆறு மாதப் பில்லை மேசையில் வைத்து, பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, நம் வீட்டுக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். போட்ட பணம் பத்து ஆண்டுகளுக்குள் திரும்பி வருமானால் மேலே பேசலாம். வராதென்றால் வாசலுக்கு வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து வழியனுப்பி வைக்கலாம்.